உங்கள் வைஃபையில் எந்தக் கருவிக்கு என்ன முகவரி? கண்டுபிடிக்கும் வழி

பிரிண்டரைச் சேர்க்கப் போனால் கணினி ஐபி முகவரியைக் கேட்கிறது. கேமராவின் படத்தைக் கணினியில் பார்க்கப் போனாலும் அதே கேள்விதான். கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் புரட்டிப் பார்ப்பதில் பெரும்பாலும் பயன் இருக்காது. ஐபி முகவரி என்பது கருவி நெட்வொர்க்கில் இணையும்போது ரூட்டர் கொடுக்கும் எண். இதற்காக உடனே ஏதாவது ஆப்பைத் தேடி நிறுவ வேண்டாம், வேண்டியதில் பெரும்பகுதி கணினியிலேயே இருக்கிறது.

படி 1: முதலில் உங்கள் முகவரி

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, சிஎம்டி என்று தேடி, கமாண்ட் பிராம்ப்ட்டுக்குள் போங்கள். அந்தக் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். வரிகள் சரசரவென்று வந்து விழும். நீங்கள் வைஃபையில் இருந்தால் வைஃபை தலைப்பின் கீழும், கேபிளில் இருந்தால் ஈதர்நெட் தலைப்பின் கீழும் இந்த மூன்றை மட்டும் பாருங்கள்:

ஐபிவி4 அட்ரஸ்: 192.168.1.23
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
டீஃபால்ட் கேட்வே: 192.168.1.1

முதலாவது உங்கள் கணினி, மூன்றாவது ரூட்டர். மாஸ்க் 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்கள் எல்லாக் கருவிகளுக்கும் பொது, கடைசி எண் மட்டும் மாறும். ஆக, நீங்கள் தேடும் கருவி 192.168.1.1-க்கும் 192.168.1.254-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது.

உங்கள் எண் 10 என்றோ, 172.16 என்றோ தொடங்கினாலும் சரிதான். உள் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-இல் வகுத்த விதியில் இவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். ரூட்டரிடமிருந்து முகவரி வராததால் கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முதலில் இணைப்பைச் சரிசெய்துவிட்டு அப்புறம் தேடலாம்.

ஆப்பிள் கணினியில் செட்டிங்ஸில் வைஃபை, அதற்குள் டீடெய்ல்ஸ். போனில் வைஃபை பெயரைத் தொட்டால் வரும் விவரத்தில் இருக்கும்.

படி 2: ரூட்டரைக் கேளுங்கள்

பிரவுசரின் முகவரிப் பட்டையில் கேட்வே எண்ணை அடித்தால் ரூட்டரின் உள்நுழைவுப் பக்கம் வரும். பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கலாம். உள்ளே போய் இணைந்த கருவிகள் அல்லது டிஹெச்சிபி கிளையன்ட் லிஸ்ட் என்ற பக்கத்தைத் தேடுங்கள். கருவியின் பெயர், ஐபி, மேக் முகவரி (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுக்கும், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த அடையாளம்) மூன்றும் அட்டவணையாக இருக்கும். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். நேற்று அணைத்த கருவிகூடச் சில ரூட்டர்களின் பட்டியலில் தொடர்ந்து நிற்கும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 3: ஆர்ப் பட்டியல்

ரூட்டருக்குள் போக வழியில்லையா? மீண்டும் கறுப்புத் திரைக்கு வாருங்கள். ஆர்ப் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஏ. எண்டர் தட்டினால் இந்த மாதிரி வரிகள் வரும்:

192.168.1.40   70-85-22-14-09-36   டைனமிக்

இடப்பக்கம் ஐபி, நடுவில் மேக் முகவரி. 224, 239 என்று தொடங்குகிறவையும் 255 என்று முடிகிறதும் கருவிகள் அல்ல, கூட்டாகச் செய்தி அனுப்புவதற்கான பொது எண்கள். அவற்றைத் தாண்டிப் போங்கள்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். உங்கள் கணினி சமீபத்தில் எந்தக் கருவிகளோடு பேசியதோ, அவை மட்டும்தான் இந்தப் பட்டியலில் இருக்கும். பிரிண்டர் பக்கத்து மேசையில் ஓடிக்கொண்டிருந்தாலும், அதோடு பேசாதவரை அது இங்கே தெரியாது. அதனால் ஒரு எண்ணின் மேல் சந்தேகம் இருந்தால் முதலில் பிங் செய்யுங்கள், அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள்: பிங், இடைவெளி, 192.168.1.40. பதில் வந்தால் கருவி இருக்கிறது. வராவிட்டால் விண்டோஸ் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள். "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் பெரும்பாலும் கருவி அங்கே இருக்கிறது, பிங்குக்குப் பதில் சொல்லாமல் அதன் ஃபயர்வால் தடுக்கிறது. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் சொந்த முகவரியிலிருந்தே பதில் வந்தால், அந்த எண்ணில் யாரும் இல்லை.

காரணம் எளிது. பிங்கை அனுப்பும் முன் கணினி, "192.168.1.40 யாருடையது?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு குரல் கொடுக்கும். ஆர்ப் என்பது அந்தக் குரல்தான், 1982-இல் வகுத்த முறை. பிங்கை மறுக்கும் கருவிகூட ஆர்ப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அதோடு யாராலும் பேச முடியாது. ஆகவே பிங் தோற்றாலும் ஆர்ப் பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 4: மொத்தமாகத் தேட

254 எண்களையும் கையால் பிங் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. என்மேப் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் ஜென்மேப் என்ற முகப்பும் கூடவே கிடைக்கும். டார்கெட் பெட்டியில் 192.168.1.0/24 என்று (முதல் மூன்று எண்கள் உங்களுடையவை, 0/24 என்பது கடைசி எண் எதுவானாலும் என்று பொருள்) எழுதி, புரொஃபைலில் பிங் ஸ்கேன் தேர்ந்தெடுத்து ஓட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டியல் வந்துவிடும். உங்களுடைய நெட்வொர்க்கில் மட்டும் இதைச் செய்யுங்கள். அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் ஓட்டினால் கணினிப் பிரிவிலிருந்து அழைப்பு வரலாம், அது நியாயமும்கூட.

எது எந்தக் கருவி?

மேக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். என்மேப் அதைத் தானே பெயராக எழுதிவிடும். போன்களில் மட்டும் இது கைவிட்டுவிடும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் போலி மேக் முகவரி காட்டுகின்றன. அதைக் கண்டுகொள்ள ஒரு வழி: முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருக்கும். பட்டியலில் தெரியாத கருவியைக் கண்டு பதறுவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களின் போன்களை எண்ணிப் பாருங்கள்.

அப்படியும் பிடிபடவில்லையா? சந்தேகப்படும் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். எந்த வரி காணாமல் போகிறதோ அதுதான். எனக்குப் பிடித்த முறை இது, இதற்கு எந்த அறிவும் வேண்டாம்.

கருவி கண்ணெதிரே இருந்தும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை என்றால், அது கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கென்று ரூட்டர் தரும் தனி வைஃபை) இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

படி 5: எண்ணை நிலைநிறுத்த

ரூட்டர் கொடுக்கும் எண் அடுத்த வாரம் மாறிப்போகலாம், பிரிண்டரும் திரும்ப அடம்பிடிக்கும். ரூட்டர் பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதிக்குப் போய், கருவியின் மேக் முகவரியையும் வேண்டிய ஐபியையும் சேர்த்துச் சேமியுங்கள். கருவிக்குள்ளேயே எண்ணை எழுதிவைக்கலாம்தான், ஆனால் ரூட்டர் அதே எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே ரிசர்வேஷன்தான் என் சிபாரிசு. போனுக்குச் செய்வதானால் முதலில் அதில் போலி மேக் வசதியை அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். சேமித்ததும் கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிய எண்ணுக்குப் பிங் கொடுத்துப் பாருங்கள்.