கட்டைவிரல் துளையால் வந்த வினை

டி சுருதியில் கையால் செய்த டின் விசில் (முன்பக்கம் ஆறு துளைகள் உள்ள சிறு ஊதுகுழல்) ஒன்றை வாங்கினேன். சுருதி சேர்க்க நகரும் தலைப்பகுதி (ஊதும் முனை), இயல்பான சி (சி நேச்சுரல்) ஸ்வரத்துக்குப் பின்பக்கம் ஒரு கட்டைவிரல் துளை. இரண்டும் நானே கேட்டவை. (முதல் துளையைத் திறந்து அடுத்த இரண்டை மூடினாலே பெரும்பாலான விசில்களில் சி கிடைக்கும். எனக்கு அது மங்கலாகக் கேட்கும்.)

வந்த நாள் முதல் தொல்லை. எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் அடி ஸ்வரம் நிலைக்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவியது.

மூச்சைக் குறைத்துப் பார்த்தேன். காற்றுவழியில் ஈரம் தங்கியிருக்கும் என்று பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டு உலர்த்தினேன். அது வேறு நோய்க்கு நல்ல மருந்து. இணைப்பில் கிரீஸும் தடவினேன். நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் தற்செயலாக விரல்களைப் பார்த்தேன். ஆறு விரல்களிலும் துளையின் தடம் முழு வட்டமாகப் பதிந்திருந்தது. கட்டைவிரலில் மட்டும் பிறை. குழலின் மேற்பகுதியில் ஊசிமுனை அளவு கசிந்தாலும் ஸ்தாயி மாறிவிடும். பின்துளையை டேப்பால் மூடியதும் அடி ஸ்வரம் அசையாமல் நின்றது.

பிறகு கட்டைவிரலில் மை தடவி, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் பிடித்தேன். மை, துளைக்கு 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. நேர் பின்னால் துளையிடச் சொன்னவன் நான். என் கை அப்படிப் பிடிப்பதில்லை. தலைப்பகுதி கழலும் என்பதால், மைத்தடத்தை அளந்து அனுப்பிக் குழலை மட்டும் புதிதாகச் செய்து வாங்கினேன். இப்போது மெல்ல ஊதினாலும் அடி ஸ்வரம் நிற்கிறது.