மணிமேகலை காட்டும் முறையில் ஒரு வாதத்தை அமைப்பது எப்படி?

அளவைகளின், அதாவது அறிவைப் பெறும் வழிகளின், துணைகொண்டு உண்மையைத் தெளிவதற்காக இருவர் நிகழ்த்தும் ஆய்வுரையையே கௌதமரின் நியாய சூத்திரம் வாதம் என்கிறது. வெற்றியையே குறியாகக் கொண்டதை ஜல்பம் என்றும், தன் கொள்கை எதையும் நிறுவாமல் பிறர் கொள்கையை மறுப்பதோடு நிற்பதை விதண்டை என்றும் அது பிரிக்கிறது. அந்த மரபில் ஒரு வாதத்துக்குரிய ஐந்து உறுப்புகளைப் பௌத்த அளவை நூலாரின் நோக்கில் நின்று தமிழில் விளக்கும் அரிய பகுதி, காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைப்பதாக அமைந்த, மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையாகும்.

முதலில் நிறுவ வேண்டியதை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'இம்மலை நெருப்புடையது.' இது பக்கம். 'புகையுடைமையால்' என்பது ஏது. 'அடுக்களை போல' என்பது திட்டாந்தம். 'இம்மலையும் புகையுடையது' என்று பொருத்திக் காட்டுவது உபநயம். முடிந்த முடிபைச் சொல்வது நிகமனம். பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று அடிகள் கூறுவதால், எழுதும்போது முதல் மூன்றும் போதும்.

உழைப்பு முழுவதையும் ஏதுவின் மீதே செலுத்த வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் தரும் காரணம் பேசப்படும் பொருளில் இருக்க வேண்டும். நிறுவ வேண்டிய அதே தன்மையுடைய வேறு பொருளாகிய சபக்கத்திலும் இருக்க வேண்டும். அத்தன்மை இல்லாத விபக்கத்தில் அறவே இருக்கக் கூடாது. மூன்றாவது சோதனையைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். நமக்குச் சாதகமான அடுக்களையை எளிதில் கண்டுகொள்கிறோம்; நெருப்பும் இல்லாத, புகையும் இல்லாத நீரை எண்ணிப் பார்ப்பதில்லை.

'சத்தம் அநித்தியம்' (ஒலி நிலையற்றது) என்ற பக்கத்தைக் கொண்டு இதைப் பழகலாம். 'கண்ணுக்குப் புலனாவதால்' என்று காரணம் சொன்னால், அது சத்தத்திலேயே இல்லை; ஆகவே அது அசித்தம் என்னும் ஏதுப்போலி, அதாவது காரணம் போலத் தோன்றும் போலிக் காரணம். 'அறியப்படுவதால்' என்றால், அழியும் குடமும் அறியப்படுகிறது, நித்தியம் எனக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது; இருபுறமும் செல்லும் இக்காரணம் எதையும் நிறுவாது, இது அநைகாந்திகம். இப்படி ஏது வீழ்ந்ததனாலேயே பக்கம் பொய்யாகிவிடாது என்பதை வாதிடுபவரும் மறுப்பவரும் ஒருசேர நினைவில் கொள்ள வேண்டும். வேறு ஏது தேடுங்கள்: 'பண்ணப்படுவதால்' என்பது சத்தத்தில் உண்டு, குடத்தில் உண்டு, ஆகாயத்தில் இல்லை.