பழைய மடிக்கணினியில் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றும் முறை

பழைய மடிக்கணினி தள்ளாடுவதற்குப் பெரும்பாலும் காரணம் செயலி அன்று, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். ஆகவே ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்), எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே மாற்ற முடியுமென்றால் எஸ்.எஸ்.டி.யைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும் முன், எந்த வகை ரேமை எத்தனை ஜிபி வரை உங்கள் மாடல் ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 ரேமில் 204 முனைகளும் அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்4 ரேமில் 260 முனைகளும் இருப்பதோடு விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால், ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில்: குறைந்த மின்னழுத்தத்தில் (1.35 வோல்ட்) இயங்கும் டிடிஆர்3எல் ரேமை மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேம் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஆனால் கணினி துவங்காமல் போகலாம். சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது.

பழைய டிஸ்க்கிலுள்ளவற்றை யுஎஸ்பி வழியாகப் புதிய எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே நகலெடுத்த பிறகே திருப்புளியை எடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ஸ்லாட்டின் இருபுறக் கொக்கிகளையும் வெளிப்பக்கமாக விலக்கினால் பழைய ரேம் தானே மேலெழும்; புதியதைச் சுமார் 30 பாகைச் சாய்வில் முழுவதுமாகச் செருகி, ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும் வரை கீழே அழுத்த வேண்டும். பொன்னிற முனைகள் நன்றாகத் தெரிந்தால் அது இன்னும் சரியாக அமரவில்லை.

2.5 அங்குல சாட்டா (ஹார்டு டிஸ்க் பொருந்தும் அதே வகை இணைப்பு) எஸ்.எஸ்.டி.க்கள் பெரும்பாலும் 7 மி.மீ. தடிமன் உடையவை; பழைய டிஸ்க் இருந்த 9.5 மி.மீ. இடத்தில் புதிய எஸ்.எஸ்.டி. ஆடினால், உடன்வரும் பிளாஸ்டிக் சட்டத்தைப் பொருத்துங்கள். மூடியபின் பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) புதிய ரேமும் எஸ்.எஸ்.டி.யும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.