ஓமகாசே சாப்பிடப் போகிறீர்களா? முதல்முறைக்காரர்களுக்கு

டோக்கியோவில் எட்டு, பத்து நாற்காலிகள் மட்டுமே போட்ட சுஷிக் கடைகள் நிறைய உண்டு. சுஷி என்றால் சிறு சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்தது. மெனு கார்டு கிடையாது. 'ஓமகாசே' என்றால், 'நீங்களே பார்த்துப் போடுங்க' என்று சமையல்காரரிடம் விட்டுவிடுவது. அங்கே கின்சா பகுதியில் தரைக்குக் கீழே இருக்கும் சுகியாபாஷி ஜிரோ என்ற கடையில் பத்தே இருக்கைகள்; 2014-இல் ஒபாமா சாப்பிட்டது அங்கேதான். எடுத்த எடுப்பில் அந்த உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். நல்ல கடை ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள், செலவு குறையும்.

1. முன்பதிவு

தங்கும் ஹோட்டலின் வரவேற்பில் சொன்னால் பெரும்பாலும் அவர்களே பேசி இடம் பிடித்துத் தருவார்கள். ஒவ்வாமை, சாப்பிடாத அயிட்டம் எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் இந்தப் பக்கமே வேண்டாம். மீனை ஒதுக்கினாலும், சூப்பிலும் முட்டையிலும் காய்ந்த சூரை மீன் சீவலைப் போட்டு இறக்கிய 'தாஷி' இருக்கும். கடைசி நேரத்தில் போகாமல் விட்டால் முழுப் பணமும் போகலாம்.

2. கிளம்பும்போது

சென்ட் அடிக்காதீர்கள். தாமதமும் கூடாது, பல கடைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.

3. சாப்பிடும்போது

சூடான ஈரத்துண்டு தருவார்கள், கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடலாம். நமக்குச் சொல்லியா தர வேண்டும்! இடக்கைக்காரர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், சமையல்காரர் சுஷியை அதற்கேற்பத் திருப்பி வைப்பார்.

வைத்ததும் வாயில் போடுங்கள், ஒரே வாயில். சோறு உடம்புச் சூட்டில் இருக்கும், மேலே இருக்கும் மீன் அதைவிடக் குளிர்ச்சி. அந்த வித்தியாசம் ரொம்ப நேரம் தாங்காது. முதல்முறை போனபோது, கடற்பாசித்தாள் சுற்றிய ஒன்றை நாலு கோணத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வைத்தபோது அப்பளம் மாதிரி நொறுங்க வேண்டிய தாள், நான் கடிக்கும்போது நமுத்து ரப்பராகிவிட்டது. சமையல்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததை மட்டும் என் கையிலேயே கொடுத்தார்.

சோயா சாஸைத் தேடாதீர்கள். வேண்டியதை அவரே மேலே தடவியிருப்பார், மூக்கில் ஏறும் பச்சைக் கார விழுதான வசாபியும் உள்ளேயே இருக்கும். காரம் கூடக்குறைய வேண்டுமானால் கேட்கலாம். சோறு லேசாகப் பழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது சோற்றில் கலக்கும் சிவப்பு வினிகரின் நிறம். இஞ்சி ஊறுகாய் ஒரு சுஷிக்கும் அடுத்ததற்கும் நடுவே நாக்கைத் துடைக்க. மேலே வைத்துச் சாப்பிடுவதற்கல்ல.

4. முடியும்போது

கேக் போல மிருதுவான, இனிப்பான முட்டை வந்தால் சாப்பாடு முடியப்போகிறது என்று அர்த்தம். பிடித்ததை இன்னொன்று கேட்கலாம், அதற்குத் தனிக் காசு. டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்து விட்டுப் போனதாக நினைத்துத் தெருவரை ஓடி வந்து திருப்பித் தருவார்கள். எழுந்திருக்கும்போது 'கொச்சிசோசாமா தேஷிதா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொன்னால் போதும்.