எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்ற ஓஎஸ்பிஎஃப்: என் அனுபவம்

இரண்டு சிஸ்கோ ரவுட்டர்கள், இடையே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை). பிங் போகிறது, ஹலோவும் (அண்டை ரவுட்டரைக் கண்டறியும் பாக்கெட்) வருகிறது. ஆனால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' போட்டால் எக்ஸ்ஸ்டார்ட் நிலையை (தகவல் பரிமாற்றம் தொடங்குவதற்கு முந்தைய கட்டம்) தாண்டவில்லை. ஏரியா, டைமர், பாஸ்வேர்டு ஆகியவற்றை இங்கே தேட வேண்டாம். அவை தப்பாக இருந்தால் இந்த நிலைக்கே வந்திருக்காது.

காரணம் எம்டியு, அதாவது இன்டர்ஃபேஸ் ஒரே பாக்கெட்டாக அனுப்பக்கூடிய அதிகபட்ச பைட் அளவு. ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000. டிபிடி பாக்கெட்டில் (தன்னிடமுள்ள வழித்தகவலின் சுருக்கப் பட்டியல்) அனுப்புபவரின் எம்டியு இருக்கும். அந்த எம்டியு தன்னால் ஏற்கக்கூடிய அளவைவிடப் பெரிதென்றால் சிறிய பக்கம் அந்த பாக்கெட்டை நிராகரிக்கும் (ஓஎஸ்பிஎஃப் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 2328). சிறிய பக்கத்தில் 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ்' போட்டால் இது நேரடியாகவே தெரியும்.

9000 இருந்த இன்டர்ஃபேஸில் 'ஐபி எம்டியு 1500' கொடுத்தேன், நிலை ஃபுல் (முழு இணைப்பு) ஆனது. உடனே மாறாவிட்டால் அந்த ஒரு இன்டர்ஃபேஸை மட்டும் ஷட் செய்து திறங்கள். 'கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ்' எல்லா நெய்பர்களையும் அறுத்துவிடும், பகலில் தொடவே கூடாது.

பலர் சொல்லும் 'எம்டியு-இக்னோர்' கட்டளையில் எனக்கு உடன்பாடில்லை. அது எம்டியு சோதனையை மட்டும்தான் நிறுத்துகிறது. பெரிய அப்டேட் பாக்கெட் பிறகு வழியில் விழும். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

கடைசியில் டிஎஃப் பிட்டுடன் (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறி) பிங் செய்து பாருங்கள். ஐஓஎஸ்ஸில் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) அளவு 1500. அதில் ஐபி ஹெடரும் அடக்கம். லினக்ஸில் 1472 கொடுக்க வேண்டும், மீதி 28 பைட் ஹெடர்கள். இதைக் குழப்பிக்கொண்டால் நல்ல லிங்க்கும் பழுதாகத் தெரியும்.