சினிமா ஆசையுள்ள கேம் டிசைனர் எங்கே சறுக்குகிறார்?

ஜப்பானிய கேம் டிசைனர் ஹிடியோ கோஜிமா சின்ன வயதில் சினிமா இயக்குநராகத்தான் ஆசைப்பட்டார். கடைசியில் 1986இல் கொனாமி என்ற நிறுவனத்தில் வீடியோ கேம் செய்யப் போனார். போர் விளையாட்டு ஒன்றைச் செய்யும் வேலை வந்தது. அது ஓட வேண்டிய எம்எஸ்எக்ஸ்2 என்ற அந்தக் காலக் கணினியாலோ திரையில் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் காட்ட முடியாது. சரி, சண்டையே வேண்டாம், ஒளிந்து போகட்டும் என்று முடிவெடுத்தார். 1987இல் ‘மெட்டல் கியர்’ பிறந்தது அப்படித்தான். அவரைத் தூக்கிவிட்டது கேமரா கோணம் அல்ல, ஆடுபவரின் கைக்குக் கொடுத்த வேலை.

இதை விட்டுவிட்டு அவருடைய நீளமான கட்சீன்களை, அதாவது ஆட்டத்துக்கு நடுவே சினிமா மாதிரி ஓடும் காட்சிகளை மட்டும் காப்பியடிப்பதுதான் முதல் தவறு. சினிமா ஆசையுள்ள டிசைனர்கள் முப்பது பக்கத் திரைக்கதை எழுதுவார்கள். நடுவில் ‘இங்கே சண்டை’ என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிதானே விளையாட்டு? வசனம் எழுதும் முன், வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கியாவது அதை ஆடிப் பார்த்துவிட வேண்டும். நடிகர்களின் அசைவுகளைக் கணினியில் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் எடுத்த பிறகு லெவலை மாற்றினால் செலவு எகிறிவிடும்.

அடுத்தது, கதையின் முக்கியமான இடத்தில் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொள்வது. 1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ என்ற கேம் முழுக்கதையையும் ஆடுபவரின் கண் வழியாகவே சொன்னது. பாத்திரங்கள் பேசும்போதும் நாம் பாட்டுக்கு நடக்கலாம், சுவரை வேடிக்கை பார்க்கலாம். இயக்குநர் மனசுக்கு அது வலிக்கும்தான். ஆனால் பார்வையை இழுக்க வெளிச்சம், சத்தம், பாதையின் வளைவு எல்லாம் இருக்கிறதே. அப்புறம், பெரிய வில்லனிடம் தோற்கும் ஒவ்வொரு முறையும் அதே வசனக் காட்சி, அதுவும் ஸ்கிப் பட்டன் இல்லாமல்! இதற்கு மன்னிப்பே கிடையாது.

கேமில் ஜெயித்த தெம்பில் நேராகப் பெரிய படத்துக்குத் தாவுவதும் ஆபத்து. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ கேம் வரிசையை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி 2001இல் அதே பெயரில் இயக்கிய அனிமேஷன் படத்துக்குச் சுமார் 13.7 கோடி டாலர் செலவானது. வசூல் சுமார் 8.5 கோடிதான். அதை எடுத்த ஸ்டுடியோவையே மூடினார்கள். பிறகு அவரும் தான் வேலை பார்த்த ஸ்கொயர் என்ற கேம் நிறுவனத்தை விட்டு விலகினார். படம் எடுக்கும் ஆசை இருந்தால் முதலில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுத்துப் பார்க்கலாம். தோற்றாலும் வேலை போகாது.

வேலை தேடும்போதும் இதே மயக்கம்தான். செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் அட்டகாசமான ட்ரெய்லர் இருக்கும், ஆடிப் பார்க்க ஒன்றும் இருக்காது. டிசைனர் வேலைக்கு ஆள் எடுப்பவர் அதை முழுதாகப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒன்றைத்தான்: “இதில் நான் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும்?”