பழைய சாலையில் தனியாக: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் ரூட் 66 போன்ற பழைய சாலைகளில் தனியாகப் போகத் திட்டமிடும் புதியவர்கள் ஒரே குழியில்தான் மாறி மாறி விழுகிறார்கள். லைசென்ஸ், தண்ணீர், சார்ஜர் எல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

மேப் காட்டும் வழியிலேயே போவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பக்கத்தில் வேகமான சாலை போட்டதால்தான் பழைய சாலை பழையதானது. மேப் ஆப்போ நேரம் குறைந்த வழியைத் தேடுகிறது. அப்படியானால் அது உங்களை எங்கே இழுக்கும்?

ரூட் 66 1926-இல் பிறந்து, 1985-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சிகாகோ, சாண்டா மோனிகா என்று இரு முனைகளை மட்டும் கொடுத்தால், மேப் இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் புதிய விரைவுச் சாலை) வழியாகவே கொண்டுபோய்விடும். நாலு நாள் ஓட்டிவிட்டு, பழைய பாலமும் சிற்றூர்களும் அரை கிலோமீட்டர் தள்ளியே கடந்துபோயின என்று பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. ‘நெடுஞ்சாலை தவிர்’ என்று வைத்தாலும் போதாது. ஏதோ ஒரு கிராமச் சாலைக்குள் தள்ளிவிடும். எது பழைய வழி என்று அதற்குத் தெரியாது.

முதலில், எந்தக் காலத்து வழி என்று முடிவு செய்யுங்கள். நியூ மெக்சிகோவில் 1937 வரை ரூட் 66 சாண்டா ஃபே வழியாகச் சுற்றிப் போனது. அதன்பின் நேராக அல்புகர்க்கி. இரண்டையும் கலந்தால் குழப்பம்தான்.

அடுத்து, நாளின் வழியை 60–80 கி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இடைப்புள்ளி வையுங்கள். புள்ளி சந்திப்பில் வேண்டாம், பழைய சாலையின் நடுப்பகுதியில் இருக்கட்டும். சந்திப்பில் வைத்தால், அதைத் தொட்டதுமே வேலை முடிந்தது என்று ஆப் புதிய சாலைக்குத் திருப்பிவிடும். பழைய சாலை இன்டர்ஸ்டேட்டை ஒட்டியே ஓடும் இடங்களில் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி சில மீட்டர் நகர்ந்து அந்தப் பக்கம் விழுந்திருக்கும்.

ஒரு திருப்பம் தவறினால் ஆப் சத்தமில்லாமல் வேறு வழி போட்டுக்கொள்ளும். பக்கத்தில் ஆள் இல்லை, உங்கள் கண்ணோ சாலையில் இருக்கிறது, கவனிக்க முடியாது. அதனால் திருப்பங்களைக் கிலோமீட்டர் கணக்கோடு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணுக்கு எட்டும் இடத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும், ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். தவறிவிட்டால் அடுத்த வெளிவழியில் இறங்கித் திரும்பி வாருங்கள். கால் மணி நேரம் போகும், போகட்டும்.

சில பழைய துண்டுகள் உடைந்த பாலத்திலோ வேலியிலோ முடியும். வந்த வழியே திரும்புவதும் திட்டத்தில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் என்று திட்டமிடுவது

கிழக்கு அமெரிக்காவின் மலைச்சாலையான ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயின் நீளம் சுமார் 755 கி.மீ. உச்ச வேகம் மணிக்கு 72 கி.மீ.தான், பல இடங்களில் அதற்கும் குறைவு. வளைவுகளும் காட்சிமுனைகளும் சேர்ந்தால் சராசரி 40 கூட வராது. ஒரு நாளைக்கு 200 கி.மீ. போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். தூக்கம் வந்தால் தட்டி எழுப்ப யாரும் இல்லை.

பெட்ரோல்

பாதி டேங்குக்குக் கீழே போக விடாதீர்கள். மேலே சொன்ன பார்க்வேயில் பெட்ரோல் நிலையமே கிடையாது. விலகி ஊருக்குள் இறங்க வேண்டும்.

திசையை யோசிக்காதது

கலிபோர்னியாவின் ஹைவே 1-இல் வடக்கிலிருந்து தெற்கே போங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் கடல் உங்கள் பக்கம் வரும். எதிர் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஓரம் கட்டலாம். மேற்கு நோக்கிப் போகும் நாளில் சூரியன் கண்ணில் அடிக்கும் முன்பே ஓட்டத்தை முடியுங்கள்.

மலை இறக்கம்

பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியர் உண்டு.

இரவு ஓட்டம்

வேண்டாம்.

மூடிய சாலை

ஹைவே 1-இன் பிக் சர் பகுதியில் நிலச்சரிவு, ப்ளூ ரிட்ஜில் குளிர்காலப் பனி. கிளம்பும் அன்று காலையில் பாருங்கள். முந்தைய வாரம் பார்த்தது செல்லாது. வழி மாறினால், அன்றிரவு உங்கள் செய்திக்காகக் காத்திருப்பவருக்குப் புதிய வழியையும் சேரும் நேரத்தையும் சிக்னல் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.